கறுப்புப் பட்டைக்கு நடுவே சிக்கிய படம்: அகலத்திரை டிவிடி கேள்வி பதில்

இந்த இதழில், லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு பதிவான) வீடியோவை 16:9 டிவிடியாக மாற்றுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய டிவிடியை அகலத்திரை டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு சூழ்ந்து, படம் நடுவில் சின்னதாகத் தெரிகிறது. திரை நிறையும்படி மாற்றி எழுத முடியுமா? தரம் கூடுமா?

பதில்: மாற்றலாம். தரம் கூடாது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

டிவிடிக்கு இரண்டே திரை வடிவங்கள்தான் தெரியும்: 4:3, 16:9. எந்த வடிவமானாலும் தட்டில் இருக்கும் புள்ளிகள் ஒன்றே. என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பான் டிவி) முறையில் 720×480, பிஏஎல் (இந்தியா, ஐரோப்பா டிவி) முறையில் 720×576. அதை எவ்வளவு அகலமாக இழுத்துக் காட்டுவது என்பதை ஒரு குறியீடு சொல்கிறது. அதைத்தான் ஃப்ளாக் என்கிறோம். உங்கள் தட்டு 4:3 என்று குறிக்கப்பட்டது. அதன் 480 வரிகளில் படம் 360 வரிதான், மீதி 120 வரியும் கறுப்புப் பட்டை. அகலத்திரை டிவி அந்த 4:3 சட்டத்துக்கு இரு பக்கமும் தன் பங்குக்குக் கறுப்பு வைக்கிறது. ஆக அகலத்தில் முக்கால், உயரத்தில் முக்கால் என்று திரையின் பரப்பில் சுமார் 56 சதவீதத்தில்தான் படம் ஓடுகிறது.

ஆரம்பத்திலேயே 16:9-ஆகத் தயாரான அனமார்ஃபிக் தட்டில் 480 வரியும் படத்துக்கே போகும். உங்கள் தட்டை மாற்றும்போது குறைகிற வரிகளை மென்பொருள் பக்கத்து வரிகளைப் பார்த்துக் கணித்து நிரப்புகிறது. புதிதாக நுணுக்கம் எதுவும் வராது. போதாக்குறைக்கு டிவிடியின் சுருக்க முறையான எம்பெக்-2-இல் இன்னொரு முறை என்கோட் ஆவதில் கொஞ்சம் இழப்பும் உண்டு.

அதனால் டிவியின் ஜூம் பொத்தான் ஒழுங்காக வேலை செய்து, சப்டைட்டிலும் வெட்டுப்படவில்லை என்றால் தட்டை அப்படியே விட்டுவிடுங்கள். அதே படத்தின் அனமார்ஃபிக் பதிப்பு கிடைத்தால், எந்த மாற்று வேலையும் அதற்கு ஈடாகாது. ஜூம் செய்தால் சப்டைட்டில் போய்விடுகிறது, டிவியின் ஜூம் படத்தைக் குதறுகிறது, பழைய டேப்பிலிருந்து நீங்களே எடுத்த பதிவு, எப்படியும் சுத்தம் செய்து மறுபடி என்கோட் செய்யப்போகிறீர்கள்: இந்த நிலைகளில் உழைப்புக்குப் பலன் உண்டு. வீட்டில் இன்னும் 4:3 டிவியில்தான் பார்ப்பீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். நீங்கள் 480 வரியாக நீட்டியதை பிளேயர் மறுபடி 360 ஆகச் சுருக்கிக் காட்டும். இருமுறை அளவு மாறிய படம் பழையதைவிட மங்கலாகத்தான் இருக்கும்.

கேள்வி: டிவிடியின் தகவல் கோப்புகளைத் திருத்தும் ஐஎஃப்ஓஎடிட்டில் 4:3 என்பதை 16:9 என்று மாற்றினேன். எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்கள், மேல் கீழ் பட்டையும் போகவில்லை.

பதில்: நீங்கள் மாற்றியது குறியீட்டை மட்டும். படத்தின் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. பிளேயர் உங்கள் சொல்லை நம்பி, பட்டையோடு சேர்த்து மொத்தத்தையும் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இழுத்துவிட்டது. பட்டையை வெட்டி, மீதியை உயரவாக்கில் நீட்டி, புதிதாக என்கோட் செய்த பிறகுதான் 16:9 ஃப்ளாக் பொருந்தும். ஏற்கெனவே அனமார்ஃபிக்காக இருந்து, தவறாக 4:3 என்று குறிக்கப்பட்டதால் ஆட்கள் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிகிற தட்டுக்கு மட்டும் ஃப்ளாக்கைத் திருத்தினால் போதும்.

கேள்வி: மேலேயும் கீழேயும் சரியாக எத்தனை வரி வெட்ட வேண்டும்?

பதில்: 720×480 என்றால் மேலே 60, கீழே 60. மிஞ்சும் 360 வரியை 480 ஆக நீட்ட வேண்டும். 720×576 என்றால் மேலே 72, கீழே 72. மிஞ்சும் 432 வரியை 576 ஆக்க வேண்டும். அகலம் 720-ஐத் தொடவே வேண்டாம். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறோம், 16:9 ஃப்ளாக் அதே விகிதத்தில் அகலத்தைக் கூட்டுகிறது. வட்டம் வட்டமாகவே இருக்கும்.

பலர் சறுக்குவது 2.35 விகிதப் படங்களில், அதாவது அகலம் உயரத்தைப்போல 2.35 மடங்கு உள்ளவற்றில். பட்டை பெரிதாக இருக்கிறதே என்று முழுவதையும் வெட்டிவிட்டு, மிஞ்சியதை 480-க்கு இழுக்கிறார்கள். ஆட்கள் மூங்கில்போல நீண்டுவிடுவார்கள். 480 வரிச் சட்டத்தில் 2.35 படம் சுமார் 272 வரி, மேலும் கீழும் 104 வரி கறுப்பு. அப்போதும் வெட்ட வேண்டியது மொத்தம் 120 வரிதான். நீட்டிய பிறகு படம் சுமார் 363 வரியாகும், மேலும் கீழும் 58 வரி அளவில் கறுப்பு மிஞ்சும். அது படத்தின் இயல்பான வடிவம், இருக்கட்டும். 1.85 படத்தில் பத்து வரிக்கும் குறைவான கீற்று மிஞ்சும். அதையும் விட்டுவிடுங்கள்.

சில ஒளிபரப்புகளில் 14:9 என்ற நடுவாந்தர வடிவம் வரும். 576 வரியில் படம் சுமார் 494 வரி இருக்கும். அதில் 72 வரி வெட்டினால் தலை போய்விடும். கறுப்பை மட்டும் வெட்டி, 494-ஐ 576 ஆக்கி, அகலத்தை 720-லிருந்து 630 ஆகச் சுருக்கி, பக்கத்துக்கு 45 புள்ளி கறுப்பு வைப்பதே முறை.

வெட்டும் முன், வெளிச்சமான நாலைந்து காட்சிகளில் நிறுத்திப் பட்டையின் விளிம்பைப் பாருங்கள். எல்லாப் படமும் சட்டத்தின் நட்டநடுவில் இருப்பதில்லை. நாலு வரி மேலே ஏறியிருந்தால் மேலே 56, கீழே 64 என்று மாற்றிக்கொள்ளலாம், கூட்டுத்தொகை 120 ஆக இருந்தால் போதும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் கிராப்டிடெக்ட் ஃபில்டர் இதைத் தானாகக் கண்டுசொல்லும், ஆனால் இருட்டுக் காட்சியில் ஏமாந்துவிடும். அது தரும் எண்ணைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். வெட்டும் எண் எப்போதும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். இன்டர்லேஸ் நிலையிலேயே (இரு கணங்களின் வரிகள் பின்னியிருக்கும் நிலை, அடுத்த பதிலில் விளக்கம்) வெட்டுகிறீர்கள் என்றால் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் நிறம் வரி மாறி ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: கணக்குப்படி வெட்டி நீட்டினேன். அசைவுள்ள காட்சிகளில் சீப்புப் பல் மாதிரி கோடுகள், இரட்டை உருவம், இழுவை. எங்கே தவறு?

பதில்: இந்த வேலையில் பாதி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

இன்டர்லேஸ் வீடியோவில் ஒரு ஃப்ரேம் என்பது இரண்டு ஃபீல்டுகள் பின்னிய பாய். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில் எடுத்தவை, இரட்டைப்படை வரிகள் 1/60 அல்லது 1/50 வினாடி தள்ளி எடுத்தவை. அந்தப் பாயை அப்படியே உயரவாக்கில் நீட்டினால் இரண்டு கணங்களின் வரிகளும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். பிறகு எந்த டிவியாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே நீட்டுவதற்கு முன், முழுமையான ஒற்றைக் கண ஃப்ரேம்களாக வீடியோவைப் பிரித்தாக வேண்டும். எப்படிப் பிரிப்பது என்பது மூலத்தைப் பொறுத்தது. அசைவுள்ள ஒரு காட்சியை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள்.

ஐந்து ஃப்ரேமில் மூன்று சுத்தமாகவும் இரண்டு சீப்புப் பல்லாகவும் மாறி மாறி வந்தால் அது ஃபிலிமில் எடுத்து, சில ஃபீல்டுகளை மறுபடி காட்டி என்டிஎஸ்சி வேகத்துக்கு ஏற்றிய, அதாவது 3:2 புல்டவுன் செய்த படம். இதை டீஇன்டர்லேஸ் (ஒரு ஃபீல்டை வைத்துக்கொண்டு மற்ற வரிகளைக் கணித்து நிரப்புவது) செய்யாதீர்கள், வீணாக நுணுக்கம் போகும். புல்டவுனைத் திருப்ப வேண்டும். ஏவிஐசிந்த் என்ற வீடியோ திருத்தும் மென்பொருளில் டிஎஃப்எம், அதன் பின் டிடெசிமேட் என்ற இரு ஃபில்டர்கள் பொருந்தும் ஃபீல்டுகளைச் சேர்த்து, மிகையான ஃப்ரேமை நீக்கி, வினாடிக்கு 23.976 முழு ஃப்ரேம்களாக்கிவிடும். பிறகு வெட்டி நீட்டி, 23.976 வேகத்திலேயே என்கோட் செய்து, பிளேயர் தானே 29.97 ஆக்கிக்கொள்ளும்படி புல்டவுன் ஃப்ளாக் மட்டும் போட்டால் போதும். ஃப்ரேம் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறைவதால் மீதியுள்ள ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதிக பிட் கிடைக்கும். தட்டைத் தயாரித்தவர்கள் இப்படி ஃப்ளாக் மட்டுமே போட்டிருந்தால், டிவிடி கோப்பைப் படிக்கும் டிஜிஇன்டெக்ஸ் மென்பொருளின் முன்னோட்டத்தில் ஃபிலிம் 95 சதவீதத்துக்கு மேல் என்று காட்டும். அங்கேயே ஃபோர்ஸ் ஃபிலிம் தேர்வு செய்தால் வேலை முடிந்தது.

பிஏஎல் தட்டில் உள்ள திரைப்படம் பெரும்பாலும் 25 முழு ஃப்ரேம்களாகவே இருக்கும், நேரடியாக நீட்டலாம். சில தட்டுகளில் மட்டும் ஒரு ஃபீல்டு தள்ளிப் பின்னியிருப்பார்கள். எல்லா ஃப்ரேமிலும் பல் தெரியும், ஆனால் அசைவு சினிமாபோலவே இருக்கும். டிஎஃப்எம் மட்டும் போட்டால் ஜோடி சேர்ந்துவிடும். டிடெசிமேட் கூடாது.

மேடை நிகழ்ச்சி, விளையாட்டு, கேம்கார்டர் பதிவு போன்றவற்றில் எல்லா அசைவு ஃப்ரேமிலும் பல் இருக்கும், அதுதான் உண்மையான இன்டர்லேஸ். இதை 25 அல்லது 29.97 ஃப்ரேமாக டீஇன்டர்லேஸ் செய்தால் பாதி அசைவு தொலைந்து, பார்க்க வெட்டி வெட்டி ஓடும். ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃப்ரேமாக வளர்த்து 50 அல்லது 59.94 ஆக்குங்கள். க்யூடிஜிஎம்சி என்ற ஏவிஐசிந்த் ஃபில்டர் இதை மிக நன்றாகச் செய்யும், ஆனால் மெதுவாக ஓடும். அவசரத்துக்கு யாடிஃப் ஃபில்டரின் இரட்டிப்பு முறை. பிறகு வெட்டி, நீட்டி, மறுபடி இன்டர்லேஸ் ஆக்க வேண்டும்: ஃபீல்டுகளாகப் பிரித்து, நான்கு ஃபீல்டில் (0, 1, 2, 3 என்று எண்ணி) 0-ஆவதையும் 3-ஆவதையும் எடுத்துப் பின்ன வேண்டும். இப்படிப் பின்னியதில் மெல்லிய கிடைக்கோடுகள் மினுக்கினால், பின்னுவதற்கு முன் உயரவாக்கில் மட்டும் லேசாக மங்கலாக்குங்கள்.

ஃபீல்டு வரிசையையும் கவனியுங்கள். டிஜிட்டல் வீடியோ (DV) கேம்கார்டர் பதிவில், அதாவது மினி DV டேப்பில், கீழ் ஃபீல்டு முதலில் வரும். டிவிடிகளில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். மாற்றிச் சொல்லிவிட்டால் ஆட்கள் ஓரடி முன்னும் அரையடி பின்னுமாக நடுங்கிக்கொண்டே நடப்பார்கள். ஒரு நிமிடத் துண்டை முதலில் செய்து டிவியில் பாருங்கள். கணினித் திரையில் இந்தக் குறை சில நேரம் தெரியாமலே போகும்.

கேள்வி: நீட்டும் கணக்குமுறைகளில் லான்சோஸ் நல்லதா, பைகியூபிக் நல்லதா?

பதில்: மூலம் சுத்தமாக இருந்தால் லான்சோஸ் அல்லது ஸ்ப்லைன்36. இரைச்சலும் முனைகளில் வெள்ளைக் கோடும் உள்ள பழைய பதிவுக்கு பைகியூபிக், ஏனென்றால் லான்சோஸ் அந்தக் கோட்டை இன்னும் எடுப்பாக்கும். பைலீனியர் எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும். நேரம் இருந்தால் என்என்இடிஐ3 ஃபில்டர் கொண்டு 360-ஐ 720 வரியாக்கி, அதிலிருந்து 480-க்குக் குறைத்துப் பாருங்கள். சாய்ந்த கோடுகளில் படிக்கட்டு தெரியாது, கண்ணுக்கு வித்தியாசம் நிச்சயம் தெரியும். இரைச்சல் நீக்கும் ஃபில்டரை நீட்டுவதற்கு முன்பே போடுங்கள். நீட்டிய பிறகு இரைச்சலும் பெரிதாகி, கழுவுவது கடினமாகிவிடும்.

கேள்வி: சப்டைட்டில் கீழ்ப் பட்டைக்குள் இருக்கிறது. வெட்டினால் போய்விடுமே?

பதில்: அது படத்தோடு அச்சாகிவிட்ட எழுத்தா, பிளேயரில் நிறுத்தி ஓட்டக்கூடிய எழுத்தா என்று முதலில் பாருங்கள்.

நிறுத்தக்கூடியது என்றால் அது தனிப் படலம், வெட்டுப்படாது. ஆனால் 16:9 ஆனதும் எழுத்துகள் அகலமாகப் பரவித் தெரியும். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் எழுத்தாக மாற்றி எஸ்ஆர்டி கோப்பாக்கி, புதிய சட்டத்துக்கு ஏற்ப மறுபடி படலமாக்குவது நல்லது. எழுத்தறிதலில் தவறுகள் வரும், ஒருமுறை முழுக்கப் படித்துத் திருத்தியாக வேண்டும்.

அச்சான எழுத்து என்றால், 2.35 படத்துக்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. 120 வரியைச் சமமாகப் பங்கிடாமல் மேலே 104, கீழே 16 என்று வெட்டுங்கள். படம் திரையின் மேல்விளிம்பை ஒட்டி ஏறிவிடும், அதன் கீழே 88 வரிக் கறுப்பு அப்படியே மிஞ்சும். நீட்டிய பின் அது சுமார் 117 வரி. இரண்டு வரி சப்டைட்டில் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். பிஏஎல் தட்டுக்கு இதே கணக்கு மேலே 124, கீழே 20. படம் நடுவில் இல்லாதது முதல் ஐந்து நிமிடம் உறுத்தும், பிறகு கண் பழகிவிடும். 1.85, 1.78 (அதாவது 16:9) படங்களில் இந்த இடவசதி கிடையாது. அங்கே எழுத்தைப் புதிதாக உருவாக்கிச் சேர்ப்பது ஒன்றே வழி.

கேள்வி: விஎச்எஸ் டேப்பிலிருந்து எடுத்த லெட்டர்பாக்ஸ் பதிவுக்கும் இதே முறைதானா?

பதில்: இதேதான், ஆனால் கூடுதல் கவனம் வேண்டும். டேப்பின் அடிவிளிம்பில் கிழிந்த கோடுபோல ஓடும் ஹெட் மாறும் இரைச்சல் கீழ்ப் பட்டைக்குள் விழுவதால் தானாக வெட்டுப்பட்டுவிடும், அது லாபம். பட்டையும் படமும் சேரும் விளிம்பு மங்கலாகக் கசியும். 1.78 படத்தில் மேலும் கீழும் இரண்டிரண்டு வரி கூடுதலாக வெட்டினால் விகிதம் கண்ணுக்குத் தெரியும் அளவு மாறாது. 2.35 படத்தில் மிஞ்சும் பட்டை உண்மையான கறுப்பாக இருக்காது. புழு நெளிவதுபோல இரைச்சல் இருக்கும், என்கோடர் அதற்கும் பிட் செலவழிக்கும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்து, சுத்தக் கறுப்பை மறுபடி ஒட்டுங்கள். ஒட்டும் உயரம் 16-இன் மடங்காக, உதாரணமாக 64 வரியாக இருந்தால் எம்பெக்-2 கட்டங்களோடு விளிம்பு ஒத்துப்போய், ஓரத்தில் கொசு மொய்ப்பதுபோன்ற கலங்கல் வராது.

கேள்வி: என்கோட் செய்யும்போது பிட்ரேட் (வினாடிக்குச் செலவாகும் தரவு) எவ்வளவு வைக்கலாம்?

பதில்: ஒற்றை அடுக்குத் தட்டின் கொள்ளளவு 470 கோடி பைட். 120 நிமிடப் படத்துக்கு அதை எட்டால் பெருக்கி 7200 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு சுமார் 5220 கிலோபிட். அதில் ஒலிக்கு 224 கழித்து, கோப்புக் கட்டமைப்புக்கு நாலு சதவீதம் ஒதுக்கினால் வீடியோவுக்கு சராசரி 4800 அளவில் நிற்கும். விதிப்படி வீடியோவின் உச்சம் 9.8 மெகாபிட், எல்லாம் சேர்த்து 10.08. எரித்த தட்டுகளில் சில பிளேயர்கள் திணறுவதால் உச்சத்தை 8.5-க்குள் வைப்பது பாதுகாப்பு.

பழைய தட்டில் இதே பிட்ரேட் போதுமானதாக இருந்ததே என்று நினைக்காதீர்கள். கறுப்புப் பட்டைக்குக் கிட்டத்தட்ட பிட்டே செலவாகாது. இப்போது அந்த இடத்திலும் படம் இருப்பதால் என்கோட் ஆக வேண்டிய பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. இரண்டரை மணி நேரப் படமென்றால் இரட்டை அடுக்குத் தட்டில் எழுதுங்கள் அல்லது இரண்டு தட்டாகப் பிரியுங்கள். 352 அகலத்துக்குக் குறைத்துப் பிட் மிச்சம் பிடிக்கலாம் என்ற யோசனை இங்கே செல்லாது. டிவிடி விதியில் 16:9 வடிவம் 720, 704 அகலங்களுக்கு மட்டுமே.

இருமுறை ஓடும் மாறு பிட்ரேட், ஜிஓபி (ஒன்றையொன்று சார்ந்து சுருக்கப்படும் ஃப்ரேம் தொகுதி) நீளம் என்டிஎஸ்சிக்கு 18 ஃப்ரேமுக்குள், பிஏஎல்லுக்கு 15-க்குள். எச்சிஎன்க் என்கோடர் போதுமானது, இலவசமும்கூட. புல்டவுன் ஃப்ளாக்கையும் அதுவே போடும். ஹேண்ட்பிரேக் எம்பி4, எம்கேவி போன்ற கோப்புகளைத்தான் தரும், டிவிடிக்கு உதவாது.

கேள்வி: 16:9 என்று என்கோடரில் குறித்தேன். கணினியில் சரியாக இருக்கிறது, டிவிடி பிளேயரில் ஒல்லியாகத் தெரிகிறது.

பதில்: திரை வடிவம் இரண்டு இடத்தில் எழுதப்படுகிறது. ஒன்று எம்பெக்-2 ஓடையின் தலைப்பில், மற்றொன்று டிவிடியின் தகவல் கோப்பான ஐஎஃப்ஓவில். கணினி மென்பொருள்கள் பல முதலாவதைப் பார்க்கும், மேசைப் பிளேயர் இரண்டாவதைப் பார்க்கும். வீடியோவையும் ஒலியையும் டிவிடி அமைப்பாகக் கட்டும் ஆதரிங் மென்பொருளிலும் 16:9 என்று தனியாகக் குறித்தீர்களா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால், முன்பு சொன்ன ஐஎஃப்ஓஎடிட் இங்கேதான் கைகொடுக்கும், மறுபடி என்கோட் செய்யத் தேவையில்லை. அங்கேயே தானியங்கி லெட்டர்பாக்ஸ் அனுமதியையும் இயக்கிவையுங்கள். 4:3 டிவியில் போடும்போது பிளேயர் பட்டை வைத்துக் காட்டும். பிளேயரின் அமைப்பில் டிவி வகை 16:9 என்று இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

கேள்வி: அதே தட்டில் 4:3 பேட்டி ஒன்றும் இருக்கிறது. சேர்த்தே எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் தனி டைட்டில் செட்டில், அதாவது தட்டில் தனியான வீடியோ தொகுப்பாக. ஒரு டைட்டில் செட்டுக்குள் உள்ள வீடியோக்கள் எல்லாம் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். மெனு 4:3 ஆக இருந்தாலும் பரவாயில்லை, அதற்குத் தனிக் குறிப்பு உண்டு.

கேள்வி: தட்டு 16:9 என்றுதான் காட்டுகிறது. ஆனால் படத்தைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்பு, அதுவும் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது.

பதில்: லெட்டர்பாக்ஸ் படத்தை யாரோ 16:9 சட்டத்துக்குள் மறுபடி அடைத்திருக்கிறார்கள். 720×480 என்றால் இரு பக்கமும் 90, மேலும் கீழும் 60 வெட்டுங்கள். மிஞ்சும் 540×360-ஐ 720×480 ஆக்குங்கள். இப்போது அகலத்திலும் நீட்டல் இருப்பதால் படம் இன்னும் மிருதுவாகத்தான் வரும்.

கேள்வி: மாற்றியபின் ஒலி தள்ளிப்போகிறது.

பதில்: தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில் தள்ளினால், ஒலியைப் பிரித்தபோது கோப்பின் பெயரில் டிலே என்று மில்லிவினாடியில் வந்த எண்ணை ஆதரிங்கில் கொடுக்க மறந்திருப்பீர்கள். போகப்போக விலகிக்கொண்டே போனால் ஃப்ரேம் எண்ணிக்கையில் பிழை: புல்டவுன் ஃப்ளாக் போடாமல் விட்டது, அல்லது டேப்பிலிருந்து எடுக்கும்போதே ஃப்ரேம்கள் தவறியது. டால்பி ஏசி-3 ஒலியை மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே சேருங்கள், புல்டவுனைத் திருப்பினாலும் படத்தின் மொத்த நேரம் மாறுவதில்லை. அத்தியாயப் புள்ளிகளை ஃப்ரேம் எண்ணாகக் குறித்திருந்தால் மட்டும் 0.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பழைய 1000-ஆவது ஃப்ரேம் இப்போது 800-ஆவது.